‘தான்’ போட்டுப் பாரு, தங்கச்சி!

வெளிநாட்டுல இருக்கிற ஒரு அம்மா, முகூர்த்தப் பட்டு கிடைக்குமான்னு இங்கிலீஷ்ல மெசேஜ் போட்டிருந்தாங்க. ஏழெட்டுப் புடவை தயாரா இருந்துச்சு. “வீ ஹாவ் ஃபியூ சாரீஸ்”னு பதில் அனுப்பினேன். “சரி, வேற இடத்துல பாத்துக்கிறேன்”னுட்டாங்க. பேருக்கு ஒண்ணு ரெண்டுதான் கிடக்குதுன்னு நானே சொல்லியிருக்கேன்! “எ ஃபியூ சாரீஸ்”னு போட்டிருக்கணும்.

அன்னிக்குப் புடிச்ச வழி இது. “கொஞ்சம் ஜரிகை இருக்கு”ன்னா வேலை நடக்கும். அது ‘எ லிட்டில்’. “கொஞ்சம்தான் இருக்கு”ன்னா இழுபறி; அது ‘லிட்டில்’. புடவை மாதிரி எண்ணுற சாமான்னா ‘எ ஃபியூ’, ‘ஃபியூ’. தமிழ்ல ‘தான்’ வந்தா இங்கிலீஷ்ல ‘எ’ போயிடும். ஆனா ‘ஒன்லி’ சேர்த்தா ‘எ’ திரும்ப வந்து உக்காந்துக்கும்: ‘ஒன்லி எ ஃபியூ’.

‘மெனி’, ‘மச்’ குழப்பத்துக்கு நம்ம செவிலிமேட்டு சாலைக்கிணறே போதும். ராமானுஜர் தினமும் இங்கேருந்துதான் காஞ்சி வரதராஜப் பெருமாளுக்குத் தீர்த்தம் கொண்டுபோனார்னு ஐதீகம். தண்ணி எவ்வளவு? ‘மச்’. குடம் எத்தனை? ‘மெனி’. பட்டு ‘மச்’, கிலோ ‘மெனி’. ஜரிகை ‘மச்’, அதை நிறுக்கிற மார்க் ‘மெனி’. பேச்சுவாக்குல “எவ்வளவு பேர் வந்தாங்க”ன்னும் கேப்போம். அங்க மட்டும் ஏமாந்துடாதே.

இன்னொரு வம்பு, நாம எண்ணுறதை இங்கிலீஷ்ல எண்ண மாட்டாங்க. எத்தனை நகைன்னு கேப்போம், ‘ஜுவல்லரி’க்கு ‘மச்’தான். ஃபர்னிச்சர், லக்கேஜ், அட்வைஸ், இன்ஃபர்மேஷன் எல்லாம் இதே ஜாதி. கடைசியில ‘ஸ்’ ஒட்டவே ஒட்டாதே. பணம்கூட அப்படித்தான்: ‘ஹவ் மச் மனி’, ஆனா ‘ஹவ் மெனி ருபீஸ்’.

‘லெஸ்’, ‘ஃபியூவர்’ல வெள்ளைக்காரங்களே தடுமாறுவாங்க. இங்கிலாந்துல டெஸ்கோ கடையில ‘10 ஐட்டம்ஸ் ஆர் லெஸ்’னு போர்டு வெச்சிருந்தாங்க. எண்ணுற பொருளுக்கு ‘ஃபியூவர்’தானே வரணும்னு இலக்கணக்காரங்க விடல. 2008-ல ‘அப் டு 10 ஐட்டம்ஸ்’னு மாத்திட்டாங்க. ரெண்டு வார்த்தையும் வேணாம்னு நழுவிட்டாங்க, கெட்டிக்காரங்க! ரூபாய், கிலோமீட்டர், மணி நேரம் எண்ணுறதா இருந்தாலும் ‘லெஸ் தேன்’தான் வழக்கம்.

இப்பவே போனை எடு. வாடிக்கைக்காரங்களுக்கு நீ அனுப்பினதுல ‘ஃபியூ’ எங்கெல்லாம் ‘எ’ இல்லாம நிக்குதுன்னு பாரு.