நகல் இருக்கிறது, முழுமையாக இருக்கிறதா?

தேர்வு நெருங்குகிறதே என்று உங்கள் இயற்பியல் குறிப்பேட்டை நகல் எடுக்கிறீர்கள். கடைக்காரர் கொடுத்த கட்டைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்துவிடுகிறீர்கள். குறிப்பேடு தொலைந்த அன்று கட்டைப் பிரித்தால், ஒளியியல் பாடம் முழுவதும் வெள்ளைத் தாள்! வலைத்தளங்களுக்கும் இக்கதி நேர்வதுண்டு.

வலைத்தளம் என்பது 'சர்வர்' எனப்படும் கணிப்பொறியில் குடியிருப்பது. படங்கள், நிரல்கள் முதலிய கோப்புகள் அதன் ஒரு பகுதி. பயன்படுத்துவோரின் பெயர்களும் பதிவுகளும் வரிசை வரிசையாக அடங்கிய தரவுத்தளம் மற்றொரு பகுதி. இவ்விரண்டையும் வேறோர் இடத்தில் படியெடுத்து வைப்பதையே 'பேக்கப்' என்கிறோம்.

நிரல் எழுதுவோர் தம் வேலையைச் சேமித்து வைக்கும் தளங்களுள் ஒன்று கிட்லேப். 2017 ஜனவரி 31 அன்று அதன் பொறியாளர் ஒருவர், துணைச் சர்வரில் அழிக்க வேண்டியதைத் தவறுதலாக முதன்மைச் சர்வரில் அழிக்கத் தொடங்கிவிட்டார். ஓரிரு விநாடிகளில் உணர்ந்து நிறுத்தியும், சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட்டே எஞ்சியது. பேக்கப்பைத் தேடினால், அது இருக்க வேண்டிய இடம் காலி! தரவுத்தள மென்பொருள் 9.6 என்னும் பதிப்பு. படியெடுக்கும் கருவியோ 9.2. இரண்டும் ஒத்துப்போகாததால் நகலே உருவாகவில்லை. அதைத் தெரிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் பெறும் முனையில் நிராகரிக்கப்பட்டுவிட்டன. அதே பொறியாளர் ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காக எடுத்திருந்த படி ஒன்றுதான் கைகொடுத்தது. அதன்பின் பதிவான விவரங்கள் போனவை போனவைதான். ஏறத்தாழ 700 புதிய பயனர்களின் கணக்குகளும் அவற்றுள் அடக்கம்.

சரி, நகல் சரியா என்று எப்படி அறிவது? 4, 7, 2, 9 என்ற எண்களை அனுப்புகிறோம் என்று கொள்வோம். கூட்டுத்தொகை 22. நகலிலும் 22 வந்தால் போதுமா? 7, 4, 2, 9 என்று இடம் மாறியிருந்தாலும் 22 தானே! ஆகவே ஒவ்வோர் எண்ணையும் அதன் இட எண்ணால் பெருக்கிக் கூட்டுங்கள். மூலத்துக்கு 60, இடம் மாறியதற்கு 57. திருட்டு பிடிபட்டது. ஆனால் 6, 6, 2, 9 என்பதும் 60 தருகிறதே! இத்தகைய ஏமாற்றத்தைத் தவிர்க்கவே எஸ்.எச்.ஏ-256 போன்ற முறைகள் உள்ளன. கோப்பு எவ்வளவு பெரிதாயினும் 64 குறிகள் கொண்ட ஒரு முத்திரையை அது தரும். ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை அடியோடு மாறிவிடும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். வெற்றுக் கோப்புக்கும் ஒரு முத்திரை உண்டு. அதன் நகலுக்கும் அதே முத்திரைதான். படியெடுத்தது பிசகவில்லை என்பதற்கே முத்திரை சாட்சி. எடுக்க வேண்டியதையெல்லாம் எடுத்தோமா என்பது அதற்குத் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த வழி ஒன்றே. நகலை வேறொரு கணிப்பொறியில் ஏற்றித் தளத்தை உயிர்ப்பிக்க வேண்டும். தரவுத்தள வரிசைகளை எண்ணி, படியெடுத்த நேரத்தில் மூலத்தில் இருந்த எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும். கடைசியாகச் சேர்ந்த பதிவைத் திறந்து பார்க்க வேண்டும். சோதனையின்போது பழைய சர்வரோடு தொடர்பே இருக்கக் கூடாது. இல்லையேல் நகலில் இல்லாத படங்கள் சத்தமின்றிப் பழைய இடத்திலிருந்து வந்து நிற்கும். நாமும் எல்லாம் சரி என்று எண்ணிவிடுவோம்!

நீங்களும் செய்து பார்க்கலாம். பள்ளிக்காகத் தட்டச்சு செய்த கட்டுரையைப் பென்டிரைவில் படியெடுத்து, நண்பன் வீட்டுக் கணிப்பொறியில் திறவுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்து, அந்த எழுத்துரு அங்கே இல்லாவிட்டால், தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரும். கட்டுரையை எடுத்தீர்கள், எழுத்துருவை எடுக்க மறந்தீர்கள். உங்கள் வீட்டுக் கணிப்பொறியிலேயே திறந்து பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது.