மு.வ.வின் ‘அகல் விளக்கு’: கைகூடாக் காதலும் நட்பின் நிலைபேறும்

முன்னுரை

வாலாசாவை அடுத்த வேலம் என்னும் சிற்றூரைச் சொந்த ஊராகக் கொண்ட மு. வரதராசன் (1912–1974) எழுதிய ‘அகல் விளக்கு’ 1958ஆம் ஆண்டு வெளிவந்தது. 1961இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பல தலைமுறை மாணவர்கள் விரும்பிப் படித்த இப்புதினம், ஒழுக்கத்தின் உயர்வையும் ஒழுக்கக்கேட்டின் அழிவையும் காட்டும் அறப்புதினமாகவே பெரிதும் விளக்கப்படுகிறது. அவ்விளக்கம் பொருந்துவதே, எனினும் அறிவும் அழகும் வாய்ந்த சந்திரன் எவ்விடத்தில் வழி தவறினான் என்பதை அது தெளிவாக்குவதில்லை. கதையில் கைகூடாத காதல்கள் இரண்டு உள்ளன. அவற்றுக்குப் பின் நட்பு என்னவாகிறது என்பதே சந்திரன், வேலய்யன் ஆகிய இரு நண்பர்தம் வாழ்வையும் வேறுபடுத்துகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

களமும் எல்லையும்

கதையின் தொடக்கக் களமான வாலாசாப்பேட்டை, 2019இல் வேலூரிலிருந்து பிரிக்கப்பட்ட இராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ளது. இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் பாலாற்றுப் படுகைத் தோல் தொழிற்பகுதியின் கிழக்கு முனை இது. 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணியர் இருப்புப்பாதை இராயபுரத்தை வாலாசாச் சாலையுடன் இணைத்தது. சென்னைக் கல்லூரி அன்று முதலே இவ்வூர் இளைஞர்க்கு எட்டும் தொலைவில் அமைந்தது.

வாலாசாவில் ஆண் பெண் பழக்கம் குடும்பமும் அண்டை வீடும் அறிந்த வரம்புக்குள் நிகழ்கிறது. இளமையிலேயே கணவனை இழந்த பாக்கியத்தின்பால் வேலய்யன் கொள்வது உடன்பிறப்பன்பு. சென்னைக் கல்லூரியிலோ அவ்வரம்பைப் பிறர் வகுத்துத் தருவதில்லை; பழகுவோரே உணர வேண்டியிருக்கிறது.

இரு காதல்கள்

இமாவதி சந்திரனிடம் நட்பு முறையில் பழகுகிறாள்; அவன் அதைக் காதலெனக் கொள்கிறான். அவளுக்கு வேறொருவருடன் திருமணம் உறுதியாகவே, கல்வியைத் துறந்து நீலகிரிக்குச் சென்று மறைகிறான். இதனைக் கைக்கிளை எனலாமா? மறுமொழி பெறாமலே தானே சொல்லித் தானே இன்புறுதலைத் தொல்காப்பியம் கைக்கிளையின் இயல்பாகக் கூறுகிறது. அவ்வளவில் சந்திரனுக்கு அது பொருந்தும். ஆனால் தொல்காப்பியம் சுட்டும் தலைவி காம உணர்வு முதிராத இளையோள்; இமாவதியோ கற்றவள், தன் மனம் அறிந்தவள். அவள் தந்த நட்பே அவளது மறுமொழி. அதனைச் சந்திரன் மறுமொழியாக ஏற்கவில்லை என்பதே சிக்கலின் வேர்.

சந்திரனின் தங்கை கற்பகத்தை மணக்கும் விருப்பம் வேலய்யனுக்கு இருந்தது. அவள் மாலனுக்கு மனைவியாகிறாள். வேலய்யன் கயற்கண்ணியை மணக்கிறான். ஆயினும் கற்பகத்தின் இல்வாழ்வு இடருறும்போது அவள் நலம் நாடுவோனாக அவன் நிற்கிறான். ஒருவன் காதலை இழந்தபோது நட்பையும் துறந்தான். மற்றவன் காதலை இழந்தும் நட்பைக் காத்தான்.

குறள் நெறி

திருக்குறளுக்குப் பரவலாகப் பயிலப்படும் தெளிவுரை கண்ட மு.வ.வின் புதினத்தில் குறளின் நட்பு அதிகாரங்கள் நினைவுக்கு வருதல் இயல்பு. 79 முதல் 83 வரையான அவ்வதிகாரங்கள் பொருட்பாலில் அமைய, காதல் இன்பத்துப்பாலில் தனித்து நிற்கிறது. இவ்விரு பால்களுக்கும் இடைப்பட்ட ஆண் பெண் தோழமையையே இமாவதி வழிப் புதினம் ஆராய்கிறது. தொழுநோயுற்றுத் திரும்பும் சந்திரனை வேலய்யன் வெறுத்து ஒதுக்காமை, பழைய நண்பரின் பிழை பொறுக்கும் ‘பழைமை’ அதிகாரத்தின் வாழ்வியல் விளக்கமாகும்.

கூற்றின் வரம்பு

கதை முழுவதும் வேலய்யன் கூற்றாக அமைந்துள்ளது. ஆதலின் இமாவதியின் உள்ளம் அவன் அறிந்த அளவிலேயே வாசகரை எட்டுகிறது. சந்திரனை மணந்த வள்ளியின் அழிவும் அவனது வீழ்ச்சியின் ஒரு பகுதியாகவே சொல்லப்படுகிறது. இமாவதியைப் பற்றிய தவறான புரிதலுக்கு, அதில் எத்தொடர்பும் இல்லாத மற்றொரு பெண் விலை கொடுக்கிறாள். அறப்புதினம் என்னும் பொது வாசிப்பு இதனைப் போதிய அளவு கருதவில்லை.

முடிவுரை

கைகூடாத காதல் இப்புதினத்தில் குற்றமாகக் காட்டப்படவில்லை. மறுப்பை மதியாமையே அழிவுக்கு வித்தாகிறது. பெண்ணின் நட்பைக் காதலுக்கான இசைவாகக் கொள்ளும் போக்கு இன்றும் மறையாத நிலையில், ‘அகல் விளக்கு’ வகுப்பறையில் இமாவதி, வள்ளி ஆகியோரின் நிலையிலிருந்தும் வாசிக்கப்பட வேண்டும். மு.வ.வின் பிற புதினங்களில் ஆண் பெண் தோழமை பெறும் இடம் மேலாய்வுக்குரியது.