ஓய்ந்து நிற்கும் அச்சு எந்திரத்தை விற்பது எப்படி?

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளியில் உழவும் நெசவும் லாரித் தொழிலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. 1997 ஜனவரி 1-இல் நாமக்கல் தனி மாவட்டமாகும் வரை இவை இரண்டும் ஒரே மாவட்டமாகவே இருந்தன. உழவர் குடும்பத்து இளைஞர் ஒருவர் இராசிபுரத்திலோ திருச்செங்கோட்டிலோ சங்ககிரியிலோ சிறு அச்சகம் வைத்துப் பிழைப்பது நாம் நெடுநாளாகக் கண்டுவரும் வழக்கம். லாரி அலுவலகத்துச் சரக்குச் சீட்டு, விசைத்தறிக் கூடத்துக் கணக்குப் புத்தகம், எடைமேடை ரசீது, திருமண அழைப்பிதழ் ஆகியவையே அவ்வச்சகங்களுக்குச் சோறு போட்டன.

காலம் மாறிற்று. ஆப்செட் முறை பரவியதும் எழுத்துக் கோத்து அச்சிடும் வேலை குறைந்தது. 2017 ஜூலை 1-இல் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்த பின்னர், பல கடைகள் அச்சிட்ட ரசீதுப் புத்தகத்தை விட்டுக் கணிப்பொறிச் சீட்டுக்கு மாறின. ஆதலின் எண்ணிடும் கருவி, துளைக்கோடு இடும் எந்திரம், அட்டை வெட்டும் எந்திரம் போன்றவை பல அச்சகங்களில் சாக்குப் போர்த்தி நிற்கின்றன. இறுதியில் அவை பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போகின்றன. அவ்வாறு போகவேண்டுவதில்லை என்பதே நாம் இங்கு எடுத்துரைக்க விரும்புவது.

இன்னும் வேலை உண்டா?

டிரெடில் எனப்படும் கால்மிதி எந்திரத்தை எடுத்துக்கொள்வோம். எழுத்துச் சட்டம் நிற்கும் படுகையும், தாளைத் தாங்கும் தட்டும் ஒன்றோடொன்று அழுந்துவதே அதன் வேலை. மை உருளைகளைக் கழற்றிவிட்டு, எழுத்துச் சட்டத்தில் கூரிய எஃகுத் தகடுகளைப் பொருத்தினால், அதே அழுத்தம் அட்டையை வெட்டும். மடிப்புக் கோடு இடும். கிழிப்பதற்கான துளைக்கோடும் இடும். எண்ணிடும் கருவியை அதில் பூட்டினால், ஒவ்வோர் அழுத்தத்திற்கும் எண் ஒன்று கூடிக்கொண்டே போகும்.

ஆப்செட் எந்திரம் படத்தை அழகாக அச்சிடும்; ஆயினும் இனிப்புப் பெட்டியையோ அழைப்பிதழ் உறையையோ வடிவாக வெட்ட இத்தகைய அழுத்த எந்திரமே வேண்டும். ஜெர்மனியின் ஹைடல்பர்க் நிறுவனம் தன் தட்டு அச்சு எந்திரத்தின் உற்பத்தியை 1985-இல் நிறுத்திவிட்டது. எனினும் அப்பழைய எந்திரங்கள் வெட்டு வேலைக்காகவும் எண்ணிடுவதற்காகவும் பல நாடுகளில் இன்றும் ஓடுகின்றன.

விலையைக் கணக்கிடும் முறை

எந்திரத்தின் எடை 600 கிலோ என்றும், பழைய இரும்பு கிலோ 30 ரூபாய் என்றும் கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். எடைக்கு விற்றால் கிடைப்பது 18,000 ரூபாய். பெட்டி செய்யும் ஒருவர் அதே எந்திரத்தை வாங்கி, வெளியே கொடுத்துவந்த வெட்டுக் கூலியில் மாதம் 3,000 ரூபாய் மிச்சப்படுத்துகிறார் எனில், ஓராண்டில் 36,000 ரூபாய் ஆகிறது. ஆகவே இரும்பு விலையைப் போல் இருமடங்கு கொடுத்தாலும் ஓராண்டில் அவர் முதலை மீட்டுவிடுவார். இரும்பு விலை அடிமட்டம். வாங்குபவருக்குக் கிடைக்கும் பயன் மேல்மட்டம். பேரம் இவ்விரண்டுக்கும் இடையே நடக்கட்டும்.

விற்கும் முன் செய்யவேண்டியவை

1. எந்திரம் ஓடும்போதே விற்க வேண்டும். துருவைத் துடைத்து எண்ணெயிட்டு, வாங்க வருபவர் முன் ஓட்டிக் காட்டுக. மை உருளைகளைத் தட்டின் மேல் சாய்த்தபடி விட்டால் ஒருபக்கம் தட்டையாகிவிடும்; அவற்றைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும்.

2. எழுத்துச் சட்டங்கள், சாவிகள், எண்ணிடும் கருவிகள் ஆகிய துணைப்பொருள்களைப் பிரித்து விற்கலாகாது. சட்டம் இல்லாத எந்திரம் கலப்பை இல்லாத ஏருக்கு ஒப்பாகும்.

3. அழுத்தத்தை நிறுத்தும் கைப்பிடி சரியாக இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தாளை உள்ளிடும் கை சற்றுப் பிந்தினால் விரல்கள் நசுங்கிவிடும். குறையிருந்தால் சீர்செய்த பின்னரே விற்க வேண்டும்; மறைத்து விற்பது பிறர் விரலை விற்பதாகும்.

4. வங்கிக் கடனில் வாங்கிய எந்திரம் வங்கிக்கு ஈடாக இருக்கும். கடன் தீர்ந்ததற்கான சான்றோ வங்கியின் இசைவோ இன்றி விற்கக் கூடாது. 2008-இல் தொடங்கிய பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் மானியத் தொகை 3 ஆண்டுகள் வைப்பில் இருக்கும் என்பதையும் நினைவிற் கொள்க. வாங்கியபோது உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொண்டவர்க்கு விற்கும்போது வரிக் கடமை உண்டு, கணக்கரைக் கலந்துகொள்க.

5. எந்திரத்தின் உடல் வார்ப்பிரும்பு. கீழே விழுந்தால் விரிசல் விடும், ஒட்டவைப்பதும் கடினம். பெருஞ்சக்கரத்தைக் கழற்றித் தனியே ஏற்ற வேண்டும். ஏற்றுக்கூலி யாருடையது என்பதை முன்னரே எழுதிக்கொள்வது நலம்.

ஈய எழுத்துகள்

அச்செழுத்துகள் ஈயமும் ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்தவை. இவற்றை உருக்கி விற்கலாம் என எண்ணி வீட்டு அடுப்பில் உருக்குவோர் உண்டு. ஈயப் புகையும் தூசியும் நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். எழுத்துகளை உருக்காமல் அப்படியே பெட்டியோடு விற்க வேண்டும். கையாண்ட பின் சோப்பிட்டுக் கை கழுவுதல் வேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர் கடமை

எந்த ஊரில் யாருடைய எந்திரம் ஓய்ந்து நிற்கிறது என்பதை உறுப்பினர்கள் எளிதில் அறிவார்கள். காகிதப் பெட்டி செய்ய விரும்பும் மகளிர் குழு எங்குள்ளது என்பதும் அவர்களுக்குத் தெரியும். இருவரையும் கூட்டிவைப்பதற்குச் செலவேதும் இல்லை. தொழில் தொடங்க முனைவோரை மாவட்டத் தொழில் மையத்துக்கு அனுப்பிக் கடன் வசதிகளை அறியச் செய்யலாம். விலை பேசுவதில் மட்டும் உறுப்பினர் தலையிட வேண்டா. அது வாங்குவோர் விற்போர் இருவரையும் சார்ந்தது.

சாக்கின் கீழ் எந்திரம் கழிக்கும் ஒவ்வொரு மழைக்காலமும் அதன் விலையைக் குறைக்கிறது. விற்க எண்ணுவோர் அடுத்த மழைக்கு முன்னரே சாக்கை நீக்கி எண்ணெயிட்டு ஓட்டிப் பார்ப்பார்களாக.