சவுக்கும் பாப்லாரும்

அன்புள்ள தம்பிக்கு,

ஊட்டியில் எடுத்த யூகலிப்டஸ் சரிவுக்கு வெளிர்நீலம் பூசி, "பிரான்சு கிராமம் மாதிரி தெரிய இன்னும் என்ன ஃபில்டர் போடலாம் ஐயா?" என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஃபில்டரைத் தொடாதே. மலையும் குளிரும் இருந்தால் ஐரோப்பா என்ற நினைப்பையும் விடு. நீ தேடும் நார்மண்டியின் சாயல் உன் விழுப்புரம் மாவட்டத்திலேயே இருக்கிறது.

பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே 1891இல் வரைந்த பாப்லார் வரிசைகளைப் பார்த்திருப்பாய். நார்மண்டியின் ஜிவெர்னி அருகே, எப்த் ஆற்றங்கரையில் நின்ற மரங்கள். அவற்றை யாரும் அழகுக்காக வளர்க்கவில்லை. லிமெட்ஸ் ஊருக்குச் சொந்தமான, விலைக்குப் போகும் மரங்கள் அவை. ஓவியங்கள் முடியுமுன்பே ஏலம் வந்துவிட்டது. மோனே ஒரு மர வியாபாரிக்குப் பணம் கொடுத்து, வரைந்து முடிக்கும்வரை வெட்டாமல் நிறுத்திவைத்தார். இப்போது உங்கள் ஊர்ச் சவுக்கைப் பார். சாரம் கட்டவும் பந்தல் போடவும் காகித ஆலைக்கும் போகிற மரம். மூன்று முதல் ஐந்து ஆண்டில் வெட்டிவிடுவார்கள். நேராக ஓங்கட்டும் என்று கீழ்க்கிளைகளைக் கழிப்பதால் அடிமரம் மொட்டையாகவும் உச்சி மட்டும் பசுமையாகவும் நிற்கும். வயலோரம் காற்றுத் தடுப்பாக ஒற்றை வரிசையில் நட்ட சவுக்கு, மோனேயின் பாப்லாருக்கு உடன்பிறப்பு. ஒரே வகை உழைப்பு நடக்கும் நிலங்கள்தான் ஒன்றையொன்று நினைவூட்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த உழைப்பைக் காணாமல் நிறத்தை மட்டும் திருத்துகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

புகைப்படக்கலையின் முன்னோடி நீப்ஸ் பற்றிப் படித்தபோதும் இதுவே தோன்றியது. கேமராவில் பதிந்து இன்றுவரை மிஞ்சியிருக்கும் மிகப் பழைய படம் 1826 அல்லது 1827இல் பர்கண்டியில், அவர் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து எடுத்தது. அதில் இருப்பவை புறாக்கூண்டு, களஞ்சியக் கூரை, ஒரு பேரிக்காய் மரம். ஒளி பதியப் பல மணி நேரம் பிடித்ததால், முற்றத்தின் இரு பக்கச் சுவர்களிலும் வெயில் விழுந்திருக்கிறது. நீயோ மாட்டுக்கொட்டகை தெரிகிறதென்று படத்தை ஓரத்தில் வெட்டுகிறாய்!

வெளிச்சத்துக்கு வருகிறேன். மார்கழி நண்பகலில் விழுப்புரத்துச் சூரியன் சுமார் 55 டிகிரி உயரத்தில் நிற்கும். ஜிவெர்னியில் ஆகஸ்ட் நடுவிலும் ஏறக்குறைய அதே உயரம்தான். நிழலின் நீளம் ஒத்துப்போகும். மாலையில்தான் பொருந்தாது. மார்ச், செப்டம்பரில் சூரியன் கடைசி 6 டிகிரி இறங்க அங்கே சுமார் 37 நிமிடம் ஆகும், நமக்கு 25தான். ஆகவே முன்னதாகவே ஸ்டாண்டை நிறுத்தித் தயாராக இரு.

மோனே படகில் உட்கார்ந்து வரைந்தார். அதனால்தான் அந்த மரங்கள் அவ்வளவு ஓங்கித் தெரிகின்றன. நீயும் ஏரிக்கரையில் தாழ உட்கார்ந்து எடு. மின்கம்பி வந்தால் வரட்டும், அழிக்காதே. தோப்பு எப்போது வெட்டுக்கு வருகிறது என்று உரிமையாளரிடம் முதலில் கேட்டுக்கொள். வெட்டுக்கு முன்பும் பின்பும் ஒரே இடத்திலிருந்து எடுத்து, இரண்டையும் நிறம் திருத்தாமல் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியர்