ஒரே பெயரில் இருவர்: சி பிளஸ் பிளஸ் ஆய்வகத்தில் ஒரு பிழை

பதினோராம் வகுப்புக் கணினி ஆய்வகம். கொடுத்த எண்களில் இரட்டைப்படை எண்கள் எத்தனை என்று கண்டறியும் நிரலை ஒரு மாணவி எழுதியிருந்தாள். விடையைச் சேமிக்க, ‘கவுண்ட்’ என்ற மாறியை மெயின் செயற்கூறுக்கு வெளியே அறிவித்திருந்தாள். ஒரு கணினியில் ஓடிய நிரல், பக்கத்துக் கணினியில் பிழை காட்டியது. “பெயரை மாற்றிப் பார்” என்றேன். மாற்றியதும் ஓடியது. “அப்போ நான் எழுதினது தப்பா, டீச்சர்?” என்று கேட்டாள். இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் விட்டால், சரியாக எழுதும் மாணவர்களும் தம் சிந்தனையையே சந்தேகிக்கத் தொடங்குவார்கள்.

காரணம் என்ன?

இன்க்ளூட் வரி, தலைப்புக் கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் நம் நிரலுக்குள் கொண்டுவருகிறது. அந்தக் கோப்பு வேறு சில கோப்புகளையும் உடன் அழைத்து வரலாம். எவை வரும் என்பது நிரல்பெயர்ப்பியையும் அதன் பதிப்பையும் பொறுத்தது. ‘அல்காரிதம்’ தலைப்புக் கோப்பில் ‘கவுண்ட்’ என்ற செயற்கூறு ஏற்கெனவே உள்ளது. அது வந்த கணினியில் பிழை. வராத கணினியில் பிழை இல்லை.

வகுப்பில் விளக்க, வருகைப் பதிவேடு போதும். க.கவிதா, மு.கவிதா என்று இருவர் இருக்கிறார்கள். முன்னெழுத்தோடு அழைத்தால் குழப்பமில்லை. ‘கவிதா’ என்று மட்டும் அழைத்தால் இருவரும் எழுந்து நிற்பார்கள். நூலகப் பெயர்களுக்கு ‘எஸ்டிடி’ என்ற பெயர்வெளியே முன்னெழுத்து. ‘யூசிங் நேம்ஸ்பேஸ் எஸ்டிடி’ என்ற வரி, அந்த முன்னெழுத்து இல்லாமலே அழைக்கலாம் என்று அனுமதிக்கிறது. அப்போதுதான் நம் முழுதளாவிய மாறியும் நூலகச் செயற்கூறும் மோதுகின்றன. லெஃப்ட், ரைட், ஹெக்ஸ் ஆகிய பெயர்கள் ஐஓஸ்ட்ரீம் கோப்புடனேயே வந்துவிடும் என்பதால் அவற்றிலும் கவனம் தேவை.

தவிர்க்கும் வழிகள்

1. மாறியைச் செயற்கூறுக்குள் அறிவிக்கலாம். உள்ளே இருக்கும் பெயர் வெளியே இருப்பதை மறைத்துவிடும். பாடநூல் முறையில் நிரல் எழுதுவோருக்கு இதுவே எளிது.
2. யூசிங் வரியை நீக்கி, சிஅவுட், சிஇன் போன்ற நூலகப் பெயர்களுக்கு முன் எஸ்டிடி சேர்த்து எழுதலாம்.
3. பெரிய நிரல்களில் நமக்கென்று ஒரு பெயர்வெளி அமைக்கலாம்.
4. அடிக்கோட்டில் பெயரைத் தொடங்க வேண்டாம். அத்தகைய பெயர்களில் பல நிரல்பெயர்ப்பிக்கும் நூலகத்துக்கும் ஒதுக்கப்பட்டவை.

பன்னிரண்டாம் வகுப்பு பைத்தானிலும் இதே சிக்கல் உண்டு. மாணவர் தம் கோப்புக்கு ‘ரேண்டம்’ என்று பெயரிட்டால், இம்போர்ட் ரேண்டம் என்னும்போது நூலகத்துக்குப் பதிலாக அவர் கோப்பே வந்து நிற்கும்.

பத்து நிமிடச் செயல்பாடு

அல்காரிதம் கோப்பையும் யூசிங் வரியையும் சேர்த்து, முழுதளாவிய ‘கவுண்ட்’ மாறியின் மதிப்பை மெயினுக்குள் ஒன்று கூட்டச் செய்யுங்கள். பிழைச் செய்தியை மாணவர்களே உரக்கப் படிக்கட்டும். பின்னர் முதல் இரண்டு வழிகளையும் தனித்தனியே செய்து பார்த்து, பிழை ஏன் மறைந்தது என்று அவர்களே சொல்லட்டும்.

அடுத்த வகுப்பில் அந்த மாணவியிடம் சொன்னேன்: “நீ யோசித்த முறை சரிதான். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் உள்ளே இருந்தார், அவ்வளவுதான்.”