செத்தது எந்தச் சர்க்கரை?



திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில், பச்சை மருந்துக்கடையில் வாங்கிய இலையை உங்கள் அம்மா மென்றதும் சீனி மண்ணாக இருந்ததாம். நாக்கிலேயே சர்க்கரையைக் கொல்கிற இலை ரத்தத்தில் விட்டுவைக்குமா என்று நீரிழிவு மாத்திரையை நிறுத்தப் பார்க்கிறாராம். அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இலை சரியானதுதான். மலையாளத்தில் சக்கரக்கொல்லி, நமக்குச் சிறுகுறிஞ்சான். (அங்கே வீட்டுத் தொட்டிகளில் நிற்கிற ‘இன்சுலின் செடி’ வேறு. அது மெக்சிகோ பக்கத்துச் சரக்கு.) நானும் மென்றிருக்கிறேன். முதலில் கசப்பு. பிறகு வாயில் போட்ட சீனி மணலாய்க் கரகரத்தது. மட்டிப்பழம் வெறும் புளித்த மாவு. இனிப்பு திரும்ப அரை மணி நேரம் ஆயிற்று.

பெயரைக் கவனியுங்கள். மலையாளத்தில் சக்கர என்றால் வெல்லம். சீனிக்குப் பஞ்சசார, நோய்க்குப் பிரமேகம். பெயர் வைத்தவர் வாய்க்குள் நடந்ததைத்தான் சொன்னார் என்று எனக்குத் தோன்றுகிறது. 1887இல், ஊட்டியில் அரசு ரசாயனராக இருந்த டேவிட் ஹூப்பர் இந்த இலையை ஆராய்ந்து ஜிம்னமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். அந்த வகை அமிலங்கள் நாக்கில் இனிப்பை அறியும் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. சீனிக்கு ஒன்றும் ஆவதில்லை. ருசி தெரியாமல் அப்படியே வயிற்றுக்குப் போகிறது.

ரத்தத்தில் ஒன்றுமே செய்யாதா? செய்யலாம். 1990இல் வெளியான சென்னைப் பல்கலைக்கழக ஆய்வொன்றில், இரண்டாம் வகை நீரிழிவுள்ள 22 பேர் வழக்கமான மாத்திரையோடு தினம் 400 மில்லிகிராம் இலைச்சாரமும் 18 முதல் 20 மாதம் சாப்பிட்டார்கள். சர்க்கரை குறைந்தது, 5 பேருக்கு மாத்திரையே தேவைப்படவில்லை. சின்னக் கூட்டம், அதை வைத்து ஊருக்கே சொல்லிவிட முடியாது. அந்த 5 பேரும் மாத்திரையை விட்டது ரத்தத்தைப் பார்த்து, நாக்கைக் கேட்டு அல்ல. அதுவும் அளவாக்கிய சாரம். அம்மா மெல்லுகிற இலையில் எவ்வளவு இருக்கிறதென்று யார் சொல்வது?

இலையும் மாத்திரையும் சேர்ந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடவும் கூடும். கை நடுங்கி வியர்த்தால் உடனே குளுக்கோஸ் கரைத்துக் கொடுங்கள். இலை மென்ற வாய்க்கு அது தித்திக்காது, வேலை மட்டும் செய்யும்.

வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்தும் அளந்து நோட்டில் எழுதுங்கள். இலை மென்ற நாளுக்கு ஒரு புள்ளி. அடுத்த முறை டாக்டரிடம் நோட்டோடு இரண்டு இலையும் போகட்டும். நம்பாவிட்டால் அவரும் மென்று பார்க்கட்டும்.