விலைவாசியை அளப்பதும் அடக்குவதும்

சந்தைக்குச் சென்று திரும்புவோர் அனைவரும் விலைவாசி ஏறிவிட்டது என்கின்றனர். எவ்வளவு ஏறியது என்று கேட்டால், ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்குக் கூறுவர். இக்கணக்குகளை ஒன்றுசேர்த்து ஒரே எண்ணாகக் காட்டுவது நுகர்வோர் விலைக் குறியீட்டெண் ஆகும். அவ்வெண் எவ்வாறு கணிக்கப்படுகிறது, அதைக் கொண்டு ரிசர்வ் பாங்கு யாது செய்கிறது என்பவற்றைக் கிராம மக்களாகிய நாம் அறிந்திருத்தல் நலம்.

ஒரு குடும்பம் வழக்கமாக வாங்கும் பொருள்களை ஒரு கூடையில் இட்டதாகக் கொள்வோம். அடிப்படை ஆண்டில் அக்கூடையின் விலையை 100 என வைத்து, பின்னர் மாதந்தோறும் அதே கூடையின் விலை என்ன என்று கணக்கிடுகிறோம். 2012-ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்ட குறியீட்டெண்ணுக்கு 1,181 கிராமங்களிலும் 310 நகரங்களிலும் விலைகள் திரட்டப்பட்டன.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அக்கூடையில் உணவுக்கும் பானங்களுக்கும் அளிக்கப்பட்ட பங்கு கிராமங்களில் 100-க்கு 54.18, நகரங்களில் 36.29 மட்டுமே. ஆகவே, உணவின் விலை மட்டும் 100-க்கு 10 ஏறினால், கிராமக் குறியீட்டெண் ஏறத்தாழ 5.4 ஏறும், நகரத்தினுடையது 3.6 ஏறும். ஏற்றம் ஒன்றேயாயினும், சுமை ஒன்றன்று. சிறு விவசாயியும் விவசாயத் தொழிலாளியும் உணவில் ஒரு பகுதியை விலை கொடுத்தே வாங்குவதால், இச்சுமை அவர்களையே முதலில் அழுத்துகிறது.

2016-ஆம் ஆண்டில் ரிசர்வ் பாங்குச் சட்டம் திருத்தப்பட்டு, வட்டி விகிதத்தை முடிவு செய்ய அறுவர் கொண்ட குழு அமைந்தது. ஆண்டு விலையேற்றம் 4 சதவிகிதமாக இருத்தல் வேண்டும், 2-க்குக் கீழும் 6-க்கு மேலும் போதல் ஆகாது என மத்திய அரசாங்கம் இலக்கு வகுத்தது; 2021-இல் அதையே மேலும் ஐந்தாண்டுகளுக்கு நீட்டித்தது. தொடர்ந்து மூன்று காலாண்டுகள் இவ்வெல்லை மீறப்படின், பாங்கு காரணம் கூறி அரசாங்கத்திற்கு அறிக்கை அளிக்க வேண்டும். 2022-இல் அந்நிலை நேர்ந்தது.

பாங்கின் முக்கியக் கருவி ரெப்போ வட்டி. அது பாங்குகளுக்கு ரிசர்வ் பாங்கு குறுகிய காலக் கடன் கொடுக்கும் வட்டியாகும். அது ஏறினால் வீட்டுக் கடன், வாகனக் கடன் முதலியவற்றின் வட்டியும் ஏறும். கடன் வாங்கிச் செலவிடுவது குறையும். பொருள்களுக்கான போட்டி தணியும். 2022 ஏப்ரலில் விலையேற்றம் 7.79 சதவிகிதத்தை எட்டியது. மே மாதம் முதல் ரெப்போ வட்டி 4-லிருந்து படிப்படியாக உயர்த்தப்பட்டு, 2023 பிப்ரவரியில் 6.5 ஆயிற்று.

எனினும், வட்டியை ஏற்றுவதால் தக்காளி விளைவதில்லை. 2023 ஜூலையில் காய்கறி விலை, குறிப்பாகத் தக்காளி விலை, கடுமையாக ஏறவே விலையேற்றம் 7.44 சதவிகிதமாயிற்று. ஆகஸ்டில் கூடிய குழு வட்டியை மாற்றவில்லை. புதிய விளைச்சல் சந்தைக்கு வந்து காய்கறி விலை இறங்கியதும், செப்டம்பரில் அது 5.02 ஆகத் தணிந்தது. உணவு விலையின் ஏற்றம் கூலிக்கும் ஏனைய பொருள்களுக்கும் பரவுகிறதா என்பதையே இத்தகைய வேளையில் பாங்கு கண்காணிக்கிறது. பரவினால் வட்டியால் தடுக்கலாம். பற்றாக்குறையை வட்டியால் நிரப்ப இயலாது.

அதை நிரப்பும் வழிகள் பெரும்பாலும் கிராமத்திலேயே உள்ளன. விளைந்ததைக் கெடாமல் காக்கும் கிடங்கு, சந்தையை எட்டும் நல்ல பாதை, கூட்டாக விற்கும் சங்கம், வீட்டுக் கொல்லையில் ஒரு காய்கறிப் பாத்தி ஆகியவை ஒவ்வொன்றும் விலைவாசியை அடக்கும் கருவியே. பணத்தின் அளவைப் பாங்கு காக்கட்டும். பண்டத்தின் அளவைப் பெருக்கும் பணியைப் பஞ்சாயத்துகளும் கூட்டுறவுச் சங்கங்களும் நாமும் மேற்கொள்வோமாக.